14.074இல் நாம் எங்கே நிற்கிறோம்?

(ஹாம் வானொலி அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘டிஜிட்டல் முறைகளில் ஸ்பிளிட்’ என்று தலைப்பைச் சொன்னதுமே அமைப்பாளர்களில் ஒருவர் நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். “சார், எஃப்டி8-ல எல்லாரும் 14.074-லதானே உட்கார்ந்திருக்கோம்? அனுப்புறதும் அங்கதான், கேக்குறதும் அங்கதான். இதுல ஸ்பிளிட் எங்கிருந்து வருது?”

அவர் கேட்டது தப்பில்லை. ரிக்கின் முகப்பில் தெரிகிற எண் 14.074 மெகாஹெர்ட்ஸ் ஒன்றுதான். ஆனால் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் அந்த எண் வெறும் வாசற்படி. நம்முடைய சிக்னல் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை டயல் சொல்லாது. அதில் ஏற்படும் குழப்பத்தால்தான் பட்டையில் பாதிப் பேர் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி நிற்கிறோம்.

பழைய ஸ்பிளிட் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். பசிபிக்கில் எங்கோ ஒரு தீவிலிருந்து 100 வாட், ஒரு செங்குத்துக் கம்பி, ஒரு ஜெனரேட்டர் என்று ஒருவர் கூப்பிடுகிறார். உலகமே பதில் சொல்லக் கிளம்புகிறது. எல்லோரும் அவர் அலைவரிசையிலேயே கத்தினால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது. கத்துகிறவர்களுக்கே கேட்காது. அதனால் அவர் “அப் ஃபைவ்” என்பார். தான் அனுப்பும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே போய்க் கேட்பார். ரிக்கில் ஏ, பி என்று இரண்டு விஎஃப்ஓ இருப்பது இதற்குத்தான். மோர்ஸிலும் அப்படித்தான், ஆர்டிடிஒய்யிலும் அப்படித்தான். 45.45 பாட் வேகம், 170 ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட இரண்டு தொனிகள் என்று ஓடும் ஆர்டிடிஒய்யில், டிஎக்ஸ் நிலையத்தின் ஒவ்வொரு அழைப்பின் வாலிலும் ‘யூபி’ என்ற இரண்டு எழுத்து தொங்கும். அதைப் படிக்காமல் அவர் மேலேயே அடிக்கிறவர்களை மற்றவர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை இந்த மேடையில் சொல்ல வேண்டாம்.

1998இல் பீட்டர் மார்ட்டினஸ் என்ற ஆங்கிலேய ஹாம் பிஎஸ்கே31-ஐக் கொண்டுவந்தார். ஒரு சின்னக் கோட்டின் அகலத்தில் இரண்டு பேர் தட்டச்சில் உரையாடலாம். அங்கே ஒருவர் கூப்பிட்டால், அவர் இருக்கும் கோட்டிலேயே போய்ப் பதில் சொல்வதுதான் மரியாதை. ஏனென்றால் எதிர்முனையில் ஒரு மனிதர் ஒரு கோட்டை மட்டும்தான் படித்துக்கொண்டிருந்தார். வேறு இடத்தில் கூப்பிட்டால் அவர் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. இந்தப் பழக்கம் கைவிரலில் ஊறிப்போய்விட்டது.

2017 ஜூலையில் எஃப்டி8 வந்தபோது அந்த விரல்களோடுதான் நாம் அதற்குள் நுழைந்தோம்.

எஃப்டி என்பது ஃப்ராங்க், டெய்லர் என்ற இருவரின் முதலெழுத்து. ஸ்டீவ் ஃப்ராங்க் கே9ஏஎன். ஜோ டெய்லர் கே1ஜேடி. இரண்டாமவர் 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்ஸுடன் பகிர்ந்துகொண்டவர். அரெசிபோ தொலைநோக்கியில் 1974இல் அவர்கள் கண்டுபிடித்த இரட்டைப் பல்சருக்காகக் கிடைத்தது அது. சிறு வயதில் அண்ணன் தம்பி இருவருமாக ஹாம் ஆண்டெனாவை வீட்டுக் கூரைமேல் ஏற்றிச் சுழற்றி, ஒரு முறை செங்கல் புகைபோக்கியையே கூரை மட்டத்துக்கு வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று நோபல் குழுவுக்கு எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார். வீட்டில் ஆண்டெனா கட்டத் தடை போடும் பெற்றோர் யாரும் இங்கே இருந்தால் இந்தக் கதையில் நோபல் பரிசை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலைத் தோண்டி எடுப்பதுதான் அவருடைய தொழில். எஃப்டி8 அந்தத் தொழிலின் குழந்தை. 15 விநாடிக்கு ஒரு சுற்று. அதில் 12.64 விநாடி அனுப்புகிறோம்; மிச்ச நேரத்தில் கணினி படிக்கிறது. எட்டுத் தொனிகள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் தள்ளி. ஆக ஒரு சிக்னலின் மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். 2500 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு ஒப்பிட்டால் அதைவிட 20 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னலையும் அது படித்துவிடும். நம் காதுக்கு வெறும் ‘உஷ்’ கேட்கிற இடத்தில் ஒரு பெரு நாட்டு நிலையம் இருக்கும்.

ஆனால் இன்றைய பேச்சுக்கு முக்கியமான புள்ளி உணர்திறன் அல்ல. எஃப்டி8 மென்பொருள் ஒரு கோட்டைப் படிப்பதில்லை. டயல் எண்ணுக்கு மேலே 200 ஹெர்ட்ஸிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரை உள்ள முழுப் பட்டையையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாகப் படிக்கிறது. 800இல் நின்று ‘சிக்யூ’ அடிக்கிறவருக்கு நீங்கள் 2300இல் நின்று பதில் சொன்னாலும், அவர் திரையில் அவருடைய அழைப்புக்குறியோடு உங்கள் வரி சிவப்பாக வந்து விழும். அவர் மேல் போய் நிற்க வேண்டிய அவசியமே ஒழிந்துவிட்டது.

அவசியம் இல்லை என்பதோடு போகவில்லை. அப்படி நிற்பது கெடுதலும்கூட. நல்ல டிஎக்ஸ் ஒருவர் 800இல் கூப்பிடுகிறார். பட்டியலில் அவர் பெயர்மேல் பத்துப் பேர் இரட்டைச் சொடுக்குப் போடுகிறார்கள். மென்பொருள் பத்துப் பேரையும் 800க்கு இழுத்துப் போய் நிறுத்துகிறது. பத்துச் சிக்னலும் அதே 50 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று. ரேஷன் கடை சன்னலுக்குள் பத்துக் கை ஒரே நேரத்தில் நீண்டால் கடைக்காரர் யார் கையில் சர்க்கரை போடுவார்? பலமான ஒருவர் மட்டும் படிக்கப்படுவார். சில சமயம் அவரும் இல்லை.

இதற்கு மருந்து திரையிலேயே இருக்கிறது. எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ‘ஹோல்ட்’ என்று தொடங்கும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டுவிட்டால் உங்கள் அனுப்பும் இடம் நகராது. வாட்டர்ஃபால் உச்சியில் பச்சை அடைப்பு நீங்கள் கேட்கும் இடம், சிவப்பு அடைப்பு அனுப்பும் இடம். வெறும் சொடுக்குப் போட்டால் பச்சை நகரும். ஷிஃப்ட் பிடித்துச் சொடுக்கினால் சிவப்பு நகரும். காலியான ஓர் இடத்தில் சிவப்பை நட்டுவிட்டு, பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். டயல் அதே 14.074. ஆனாலும் நீங்கள் செய்வது முழுமையான ஸ்பிளிட்தான்.

‘காலியான இடம்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வருடம் எஃப்டி8 ஓட்டியவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

எஃப்டி8-ல் அலைவரிசை மட்டும் பிரிவதில்லை, நேரமும் பிரிகிறது. நிமிடத்தின் 0, 30 விநாடிகளில் தொடங்கும் சுற்றில் ஒரு பாதி. 15, 45இல் மறு பாதி. 2800 ஹெர்ட்ஸை 50ஆல் வகுத்தால் 56 இடம். நேரத்தால் இரட்டிப்பானால் 112. இப்போது நீங்கள் இரண்டாம் சுற்றில் அனுப்புகிறீர்கள் என்றால், அந்தச் சுற்றில் உங்கள் ரிசீவர் அடைத்துக் கிடக்கிறது. நீங்கள் பார்க்கும் வாட்டர்ஃபால் முழுக்க முதல் சுற்றுக்காரர்கள்தான். அதில் 1200 காலியாகத் தெரிகிறது என்று போய் அமர்ந்தால், உங்கள் சுற்றில் அதே 1200இல் ஓர் இத்தாலியர் அரை மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் நிறுத்தாதவரை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு சுற்றை விட்டுக்கொடுத்து, உங்கள் பாதியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் காலியாக இருக்கும் இடம், எதிர்முனையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரால் அடைபட்டிருக்கலாம். நான்கு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் பவரைக் கூட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

இன்னொரு ஸ்பிளிட்டுக்கு வருகிறேன். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ‘ஸ்பிளிட் ஆப்பரேஷன்’ என்று எழுதி ‘நன்’, ‘ரிக்’, ‘ஃபேக் இட்’ என்று மூன்று பொத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் டிஎக்ஸ் வேட்டைக்கான வசதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது உங்கள் சிக்னலின் சுத்தத்துக்காக.

கணினியிலிருந்து ரிக்குக்குப் போவது ஓர் ஒலி. நீங்கள் 700 ஹெர்ட்ஸில் நின்றால் 700 ஹெர்ட்ஸ் ஒலி. ஒலியளவு கொஞ்சம் அதிகமாகிவிட்டால், ஒலிச் சுற்று எங்காவது நெளிந்தால், அதன் மடங்குகள் பிறக்கும்: 1400, 2100, 2800. மூன்றும் ரிக்கின் எஸ்எஸ்பி வடிகட்டிக்குள் அடங்கும் எண்கள். தடையில்லாமல் ஆண்டெனாவுக்குப் போய்விடும். ஓர் ஆள் நான்கு நாற்காலி பிடித்துவிடுகிறார், மூன்றில் அவருக்கே உபயோகம் இல்லை. இதுவே 1700 ஹெர்ட்ஸ் ஒலியாக இருந்தால்? இரண்டாம் மடங்கு 3400. வடிகட்டி அங்கேயே வெட்டிவிடும்.

‘ரிக்’ என்ற பொத்தான் செய்வது இதுதான். நீங்கள் 14.074 டயலில் 700இல் அனுப்பக் கேட்டால், மென்பொருள் விஎஃப்ஓ பி-யை ஒரு கிலோஹெர்ட்ஸ் இறக்கி 14.073இல் வைத்து, 1700 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். காற்றில் போவது அதே 14.0747தான். 2600இல் நின்றால் 14.075இல் வைத்து 1600 அனுப்பும். எப்போதும் ஒலி 1500க்கும் 2000க்கும் நடுவில் இருக்கும்படி 500 ஹெர்ட்ஸ் படிகளில் டயலை ஏற்றி இறக்கும். வடிகட்டியின் ஓரங்களில் பவர் விழுந்துபோவதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. அனுப்பும்போது டயல் தானாகத் துள்ளுவதைப் பார்த்து ரிக் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

‘ஃபேக் இட்’ இதையே ஒரே விஎஃப்ஓவை வைத்துச் செய்கிறது: அனுப்பும் முன் நகர்த்தி, முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். சில ரிக்குகள் கணினி சொல்லும் ஸ்பிளிட் கட்டளையைச் சரியாகக் கேட்காது. அவற்றுக்கு இது நல்லது. கணினிக் கட்டுப்பாடே இல்லாத ரிக் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் குடும்பத்தைப் பார்த்து வீட்டிலேயே கட்டியவர்கள் கையைத் தூக்குங்கள். ஆமாம், நீங்கள் எல்லாம் ‘நன்’ தான். உங்களுக்கு வழி சுலபம்: சிவப்பு அடைப்பை 1500க்கு மேலேயே வையுங்கள். ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். ஏஎல்சி நாட்டியமாட 80 வாட் அனுப்புவதைவிட, சுத்தமாக 20 வாட் அனுப்புவது தூரமாகப் போகும் என்பது என் கட்சி.

இனி, சட்டம் கட்டாயப்படுத்திய ஸ்பிளிட். 2009 மார்ச் இறுதிவரை நம் மண்டலத்தில் 40 மீட்டரில் 7.100 வரைதான் அமெச்சூர்களுக்கு. அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். அமெரிக்கர்கள் குரலில் பேசுவதோ 7.100க்கு மேலே. அவர்களோடு பேச வேண்டுமென்றால் நாம் 7.100க்குக் கீழே அனுப்பி, 7.200 பக்கம் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் நேர் எதிர். அனுமதியில்லாத இடத்தில் கேட்கலாம், அனுப்பத்தான் கூடாது. 2003 உலக வானொலி மாநாட்டின் முடிவு நடைமுறைக்கு வந்து 7.200 வரை திறந்த பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

டிஜிட்டலில் இதன் சரியான மறுபதிப்பு 160 மீட்டரில் நடந்தது. உலகம் முழுக்க அங்கே எஃப்டி8 டயல் 1.840. ஜப்பானியர்களுக்கு மட்டும் டேட்டா முறைகளுக்கு 1.9075 முதல் 1.9125 வரைதான் அனுமதி இருந்தது. ஆகவே அவர்கள் 1.908இல் அனுப்பி 1.840இல் கேட்டார்கள், மற்றவர்கள் 1.840இல் அனுப்பி 1.908இல் கேட்டார்கள். 68 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஒலிக்குள் நகர்ந்து தீர்க்கிற தூரமல்ல. உண்மையிலேயே இரண்டு டயல் வேண்டும்.

இங்கேதான் முன்பு சொன்ன ‘ரிக்’ பொத்தான் குறுக்கே வரும். அது விஎஃப்ஓ பி-யைத் தன் சொத்தாக நினைக்கிறது. நீங்கள் கையால் பி-யை 1.840இல் வைத்தால், அனுப்பும் நொடியில் அது கேட்கும் டயலை ஒட்டி பி-யை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ‘நன்’ போட்டுவிட்டு, ரிக்கின் சொந்த ஸ்பிளிட் விசையை அழுத்தி ஏ-யை 1.908, பி-யை 1.840 என்று கையால் வைத்தார்கள். ‘நன்’ போட்டதால் மடங்குப் பாதுகாப்பு போய்விடும். எனவே ஒலியை 1500க்கு மேல் வைக்கும் பழைய விதி மறுபடி உங்கள் பொறுப்பு. 2020 ஏப்ரலில் ஜப்பான் அரசு 160 மீட்டரில் கூடுதல் இடம் திறந்துவிட்டது, ஜப்பானியர்கள் 1.840க்கே வந்தார்கள். டிஜிட்டலில் இரண்டு டயல் வைத்து ஸ்பிளிட் செய்ய வேறு தேவை வந்தாலும் செய்முறை இதுவேதான்.

கடைசியாக ஃபாக்ஸும் ஹவுண்டும். ஒரு நரி, ஆயிரம் வேட்டைநாய்: எல்லோரும் தேடும் டிஎக்ஸ் நிலையம் நரி, அதைக் கூப்பிடுகிற நாம் நாய்கள். 2018இல் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் 1.9 பதிப்போடு இது வந்தது. அதே ஆண்டு ஜூன் கடைசியில் பேக்கர் தீவுக்குப் போன கேஎச்7இசட் குழு இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, மனிதர் வாழாத அமெரிக்கத் தீவு அது.

விதிகள் இவை. நரி முதல் சுற்றில் மட்டும் அனுப்பும், 300க்கும் 900க்கும் நடுவே. நாய்கள் அடுத்த சுற்றில், 1000க்கு மேலே எங்கிருந்தும் கூப்பிடலாம், 4000 வரை. நரி உங்களுக்கு அறிக்கை கொடுத்தால், உங்கள் மென்பொருள் தானாகவே உங்களைக் கீழே, நரியின் இடத்துக்கு இறக்கி அங்கிருந்து பதில் அனுப்பும்.

நரியும் நாய்களும் வேறு வேறு சுற்றில்தானே அனுப்புகிறார்கள், பிறகு ஏன் இடமும் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். பதில் அந்த ‘இறக்குவதில்’ இருக்கிறது. நாய்களின் சுற்றில் 300-900 வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். நரி பெயர் சொல்லி அழைத்த நான்கைந்து பேர் மட்டும் அங்கே இறங்கிப் பேசுவார்கள். மேலே நெரிசலில் நசுங்காமல், அந்த இரண்டாவது செய்தி ஒரே முறையில் நரிக்குப் போய்ச் சேரும். பழைய ‘அப் ஃபைவ்’ டிஎக்ஸ் பேசும் பாதையைக் காத்தது; இது டிஎக்ஸ் கேட்கும் பாதையையும் காக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், சாதாரண முறையில் இருந்துகொண்டு 500இல் போய்க் கூப்பிடுகிறவர், பதில் கிடைத்து இறங்கிய இன்னொருவரின் தொடர்பைக் கெடுக்கிறார். அவரையோ நரி கண்டுகொள்ளாது.

நரியின் செய்தியிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஒருவருக்கு ‘ஆர்ஆர்73’, இன்னொருவருக்கு சிக்னல் அறிக்கை, இரண்டும் ஒரே வரியில். ஆகவே 30 விநாடிக்கு ஒரு தொடர்பு. நரி ஒரே நேரத்தில் ஐந்து சிக்னல் வரை அனுப்பலாம். கணக்குப் போட்டால் மணிக்கு 600. நடைமுறையில் எட்டாது, அதற்குக் காரணம் பவர். ஐந்து சிக்னல் சேர்ந்து உச்சம் தொடும்போது பெருக்கி நெளியக் கூடாது என்றால் ஒவ்வொன்றும் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். 100 வாட் ரிக்கில் ஒவ்வொருவருக்கும் 4 வாட். இரண்டு சிக்னல் என்றால் 25 வாட் வீதம். நரி ஓட்டுகிறவர் பட்டை மங்கும்போது சிக்னல் எண்ணிக்கையைக் குறைப்பது இதனால்தான்.

இந்த முறையை 14.074 போன்ற வழக்கமான இடங்களில் நடத்தக் கூடாது. வேறு டயல் தேர்ந்தெடுக்கும்போது, டயலுக்கு மேலே நான்கு கிலோஹெர்ட்ஸ் வரை ஆட்கள் பரவுவார்கள் என்பதைக் கணக்கில் எடுங்கள். 14.094 பார்க்கக் காலியாகத் தெரியும். ஆனால் நாய்கள் கத்துவது 14.097இல் குசுகுசுக்கும் டபிள்யூஎஸ்பிஆர் சிக்னல்கள் மேல் விழும்.

இன்னொரு குழப்பம்: எல்லாப் பயணக் குழுவும் ஃபாக்ஸ் முறையில் ஓடுவதில்லை. எம்எஸ்எச்வி என்ற மென்பொருளும் பல சிக்னல் அனுப்பும், ஆனால் சாதாரண எஃப்டி8 விதிப்படி. அதற்கு நீங்கள் ஹவுண்டாக மாறத் தேவையில்லை. ‘ஹோல்ட்’ போட்டுக்கொண்டு இருக்கும் இடத்திலிருந்து கூப்பிட்டால் போதும். குழு முன்கூட்டியே எதை அறிவித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அமருங்கள்.

2024இல் 2.7 பதிப்போடு சூப்பர்ஃபாக்ஸ் வந்தது. ஐந்து தனிச் சிக்னலுக்குப் பதில், 1512 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே சிக்னல். அதற்குள் ஒன்பது பேருக்குச் செய்தி. வீச்சு மாறாத சிக்னல் என்பதால் அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கு கணக்கு இங்கே செல்லாது, முழுப் பவரும் போகும். போலி நரிகளைப் பிடிக்க டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. 2.7க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் வாட்டர்ஃபாலில் ஓர் அகலமான பட்டையைப் பார்ப்பார்கள், பட்டியலில் ஒரு வரியும் வராது.

பின் வரிசையில் ஒரு ரிக்கும் மடிக்கணினியும் இணைத்து வைத்திருக்கிறோம். 20 மீட்டர் இந்த நேரத்துக்கு ஐரோப்பா பக்கம் திறக்கும். ‘ஃபேக் இட்’ போட்டு, டயல் எப்படித் துள்ளுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள். ஒலியை வேண்டுமென்றே கூட்டி, 700இல் நின்றால் மடங்குகள் எங்கே முளைக்கின்றன என்பதையும் டம்மி லோடில் காட்டுகிறேன். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.